சிவப்புப் பெட்டி

2003ஆம் ஆண்டு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரவு. மகளின் பள்ளிச் சீருடையை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் அவளைப் பள்ளிக்கு அனுப்புவதா, என்னுடன் அழைத்துச் செல்வதா என்று முடிவு செய்ய இயலாமல் திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அவளுக்கு அப்போது நான்கரை வயது. நான் செல்ல வேண்டியிருந்த இடம் அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவு. அங்கிருந்த செவிலியர் எனக்குத் தந்த சீட்டின் பின்புறத்தில், ‘வீட்டில் ஆறு வயதிற்கு உட்பட்ட குழந்தை இருப்பின் அழைத்து வரவும்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார்.

கோடை விடுமுறையில் தொடங்கிய இருமல் அது. தமிழாசிரியைக்குச் சுண்ணக்கட்டித் தூசியால் இருமல் வருவது புதிதன்று என்று முதலில் எண்ணினேன். ஆடாதோடைக் கஷாயமும் சித்தரத்தையும் கைகொடுக்கவில்லை. ஒரு மருத்துவரிடம் சென்றேன். அவர் இருமல் மருந்தை மூன்று முறை மாற்றிக் கொடுத்தாரேயன்றிச் சளியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை. மாலைதோறும் மெல்லிய காய்ச்சல் வந்தது, இரவில் வியர்த்தது, இரவிக்கைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இறுதியில் என்னை மருத்துவமனைக்கு அனுப்பியது பேருந்து நிலையச் சுவரில் இருந்த விளம்பரம்தான். மூன்று வாரத்திற்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு அப்போது மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

இரண்டு நாள்களில் மூன்று முறை சளி கொடுத்தேன். கண்ணாடி வில்லையில் அதைப் பரப்பிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் பின்னணியில் சிவந்த சிறு குச்சிகளாகக் காசநோய்க் கிருமிகள் தெரியும் என்று ஆய்வுக்கூடப் பணியாளர் விளக்கினார். என்னுடைய மூன்று வில்லைகளிலும் அவை தெரிந்தன.

செய்தியை நான் முதலில் சொன்னது என் தாயிடம். அவர் அழவில்லை, அடுத்த பேருந்தில் புறப்பட்டு வந்துவிட்டார். வாசலில் கால் கழுவும்போதே, “பாப்பாவ என்கிட்ட குடுத்துடு. ஒடம்பு தேறினப்புறம் வந்து பாத்துக்க” என்றார். அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுகள் இருந்தன.

என் தாயைப் பெற்ற பாட்டிக்கு 1950களின் தொடக்கத்தில் இதே நோய் வந்தது. அக்காலத்தில் இந்நோய்க்கு வழி, குடும்பத்தை விட்டு விலகிச் சென்று மருத்துவ விடுதியில் மாதக்கணக்கில் தங்குவது. நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவையே பாதி மருந்து எனக் கருதப்பட்ட காலம். சென்னையை அடுத்த தாம்பரத்தில் மருத்துவர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய சானடோரியம் அப்படிப்பட்டது. இன்றும் அங்குள்ள தொடர்வண்டி நிலையம் அந்தப் பெயரையே தாங்கியிருக்கிறது. பாட்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஏழு வயதுச் சிறுமியான என் தாயை ஒரே ஒரு முறை அழைத்துச் சென்று, தொலைவில் ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். தாழ்வாரத்திலிருந்து பாட்டி கையசைத்தார். அவ்வளவுதான். அம்மாவுக்கு என்னவாயிற்று என்பதை அந்தச் சிறுமிக்கு ஒருவரும் சொல்லவில்லை. புறப்படுவதற்கு முந்தைய வாரம் தான் ஒரு குத்துவிளக்கைக் கீழே போட்டுவிட்டதாகவும், அந்தக் கோபத்தில்தான் தன் அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டதாகவும் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்ததாக என் தாய் என்னிடம் சொல்லியிருக்கிறார். பாட்டி திரும்பி வரவில்லை.

அந்த வழக்கத்தை மாற்றியதும் நம் சென்னைதான் என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு விடுதியிலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். நெருக்கமான குடிசையில், குறைவான உணவுடன் மருந்து உட்கொண்டவர்களும் விடுதியில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தனர். அதைவிட எனக்கு முதன்மையாகப் பட்டது மற்றொரு முடிவு: நோயாளி வீட்டிலேயே இருந்ததால், வீட்டிலிருந்தோர்க்குக் கூடுதலாக நோய் தொற்றிவிடவில்லை. 1959இல் வெளியான அந்த ஆய்வு, உலகெங்கும் எத்தனையோ தாய்மார்களைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்காமல் காத்தது. ஆனால் ஆய்வு முடிவுகள் குடும்பங்களின் நினைவுக்குள் நுழைய நெடுங்காலம் ஆகிறது. என் தாய்க்கு 2003இலும் காசநோய் என்றால் மரத்தடியும் தாழ்வாரமும்தான்.

மகளை அவருடன் அனுப்ப நான் ஏறத்தாழ ஒப்புக்கொண்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், மூன்று நாள்களாக அவளை என்னிடமிருந்து நானே விலக்கியும் வைத்திருந்தேன். எனக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய். அவள் ஓடிவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மடியில் ஏற வந்தால் வேலை இருப்பதாக எழுந்துவிடுவேன். அந்த ஞாயிறு இரவு நான் திண்ணையிலிருந்து உள்ளே வந்தபோது, அவள் உறங்காமல் என் பாய்க்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, நான் இனிமே செவுத்துல கிறுக்க மாட்டேன்” என்றாள்.

சுவரில் அவள் எப்போது கிறுக்கினாள் என்பதுகூட எனக்கு நினைவில் இல்லை. ஆனால் குத்துவிளக்கு நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை அவளுக்குச் செருப்பை மாட்டி அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். என் கணவர் விரைவுப் பேருந்தில் நடத்துநர். அன்று அவர் சென்னை வழித்தடத்தில் இருந்தார். என் தாய் வாசல்வரை வந்து, “ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போற?” என்று மட்டும் கேட்டார்.

காசநோய்ப் பிரிவு மருத்துவமனையின் பின்புறத்தில், பிணவறைக்குப் போகும் பாதையை ஒட்டி இருந்தது. கட்டடத்திற்குள் நெரிசல் கூடாதென்று வெளியே ஒரு வேப்பமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் திட்டு கட்டியிருந்தார்கள். அதுவே எங்கள் காத்திருப்புக் கூடம். என் மகள் முதல் கால்மணி நேரத்தில் என்னிடம் கேட்டவற்றை எண்ணினால் நாற்பது கேள்விகள் இருக்கும். இவர்கள் எல்லாரும் ஏன் துணியால் வாயை மூடியிருக்கிறார்கள்? ஊசி யாருக்கு? எனக்கா, உனக்கா? உனக்கு என்றால் நீ அழுவாயா? கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இருந்தது.

எங்கள் முறை வந்தது. செவிலியர் ஐம்பது வயதை நெருங்கியவர். அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு நிற அட்டைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். என் பெயர் அதன்மேல் எழுதப்பட்டிருந்தது. ஆறு மாதத்திற்கான என் மருந்து முழுவதும் அதற்குள் இருந்தது. பாதியில் மருந்து தீர்ந்துபோய் எந்த நோயாளியும் திரும்பிப் போகக்கூடாது என்பதற்காகச் செய்திருந்த ஏற்பாடு அது. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, அவர் கண்முன்னே விழுங்க வேண்டும். ஒரு வேளைக்கு ஏழு மாத்திரைகள். முதல் இரண்டு மாதத்திற்கு இருபத்து நான்கு வேளைகள்.

என் மகள் மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தாள். “இது என்ன?” என்று அவள் கேட்டபோது நான், “மிட்டாய் மாதிரி ஒண்ணு” என்று தொடங்கினேன். செவிலியர் என் பேச்சைக் கையால் நிறுத்தினார்.

“டீச்சர், புள்ளைக்கிட்ட மிட்டாய்னு சொல்லாதீங்க. நாளைக்கு எடுத்து வாயில போட்டுக்கும்.” பிறகு அவளிடம் குனிந்தார். “பாப்பா, ஒங்கம்மா நெஞ்சுக்குள்ள பூச்சி இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதனாலதான் இருமுறாங்க. இந்த மாத்திரை அதைக் கொல்லும். ஆனா ஒரே நாள்ல சாகாது, ரொம்ப நாளாகும். ஒருநாள்கூட விடக்கூடாது. இருமும்போது பூச்சி வெளியில வரும். அதான் அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. ஒம்மேல கோவம் இல்ல.”

கடைசி வாக்கியத்தை அவர் எப்படி அறிந்து சொன்னார் என்பது எனக்கு விளங்கவில்லை. மகளின் சுவர்க் கிறுக்கலைப் பற்றி நான் அவரிடம் ஏதும் சொல்லியிருக்கவில்லை. ஒருவேளை அந்த மேசை விளிம்பில் அவர் எத்தனையோ மோவாய்களைப் பார்த்திருக்கக் கூடும். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நான் மாத்திரைகளை விழுங்க விழுங்க ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினாள். ஏழு வந்ததும் கைதட்டினாள். அந்த அறையில் அதற்குமுன் யாரேனும் கைதட்டியிருப்பார்களா என்பது ஐயம்.

தனித் தட்டும் குவளையும் தேவையில்லை, இந்நோய் காற்றின் வழியாகப் பரவுவதே அன்றிப் பாத்திரத்தின் வழியாக அன்று என்றும், மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடும் என்றும், அதுவரை வாயை மூடி இருமுவதும் சன்னல்களைத் திறந்து வைப்பதும் போதும் என்றும் மருத்துவர் கூறினார். பிறகு, “கொழந்தைய இப்படி அனுப்புங்க” என்றார்.

இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. வீட்டில் விட்டுவர ஆளில்லாதவர்களுக்குச் சலுகையாகவே அந்தச் சீட்டுக் குறிப்பை நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அவர்கள் பார்க்க விரும்பியது அவளைத்தான். அவளை எடைபோட்டார்கள், முதுகில் குழல் வைத்துக் கேட்டார்கள், தோளில் பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பைத் தடவிப் பார்த்தார்கள். முன்கையின் தோலுக்கடியில் டியூபர்குலின் என்ற நீர்மத்தைத் துளியளவு செலுத்தி, அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டார்கள். புதன்கிழமை வந்து காட்ட வேண்டும். அவள் அழுதாள், அழுகை முடிந்ததும் அந்த வட்டத்தை வழியில் கண்ட எல்லாரிடமும் காட்டினாள். குளிக்கும்போது அது அழியக்கூடாதென்று கையைத் தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை அந்த வட்டத்திற்குள் தோல் தடித்திருந்தது. செவிலியர் அளவுகோலை வைத்து அளந்தார்; மருத்துவரும் அளந்தார். மார்பு ஊடுகதிர்ப் படம் எடுக்கச் சொன்னார்கள். படம் தெளிவாகவே இருந்தது. மருத்துவர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். கிருமி உடலுக்குள் நுழைவது வேறு; நோய் உண்டாவது வேறு. குழந்தைக்கு நோய் இல்லை. ஆனால் கிருமி நுழைந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். பெரியவர்கள் பலரின் உடலில் அது வாழ்நாள் முழுதும் உறங்கியே கிடக்கும். சின்னஞ்சிறு குழந்தைகளிடம் அப்படி நம்பியிருக்க முடியாது. விழித்துக்கொண்டால் மூளையைச் சூழ்ந்த உறைவரை போய்விடும். ஆகவே ஐசோனியாசிட் என்ற மாத்திரையை அவள் எடைக்கேற்ற அளவில் ஆறு மாதம் நாள்தோறும் கொடுக்க வேண்டும்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். என் மனத்தில் ஓடியது ஒரே கணக்கு. கோடை விடுமுறை தொடங்கி ஆவணிவரை எத்தனை இரவுகள் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு உறங்கினாள்? எத்தனை முறை அவள் முகத்தருகே இருமினேன்? மூன்று குப்பி இருமல் மருந்து வாங்கிய நாள்களையெல்லாம் திரும்பத் திரும்பக் கூட்டினேன். வெளியே வந்து வேப்பமரத் திட்டில் அமர்ந்ததும் அழுதுவிட்டேன். நான் உட்கொள்ளும் மருந்துகளுள் ஒன்று சிறுநீரையும் கண்ணீரையும் செம்மஞ்சளாக்கும் என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்தார். முந்தானையில் கறை படிகிறதா என்று என் மகள் அக்கறையோடு சோதித்தாள். படியவில்லை. அவளுக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

என் தாயிடம் அன்றிரவே சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. “நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா இது தெரிஞ்சே இருக்காதுல்ல?” என்று கேட்டார். பிறகு எழுந்துபோய் எங்கள் அறையின் சன்னல் கதவுகளை அகலத் திறந்து வைத்தார். அவற்றுள் ஒன்று பல ஆண்டுகளாகத் திறக்கப்படாதது. இரண்டு கைகளாலும் இழுத்துத்தான் திறந்தார்.

அதன்பின் வந்த மாதங்களில் எங்கள் வீட்டை ஆண்டவள் மகள்தான். தன் மாத்திரையைத் தானே கேட்டு வாங்கினாள். நான் இருமினால் எங்கிருந்தாலும், “அம்மா, துணி!” என்று கூவினாள். பள்ளியில் என் நோயை நான் மறைத்திருந்தேன். மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தில் ‘உடல்நலக் குறைவு’ என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டு மாதம் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்ற முடிவு வந்தபின் பணிக்குத் திரும்பினேன். ஒரு மாலை, மழலையர் வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்த மகள், எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, “எங்கம்மாவுக்கு முன்ன ஏழு மாத்திரை, இப்ப மூணுதான். பூச்சியெல்லாம் செத்துப்போச்சு” என்று அறிவித்தாள்.

அந்த அறையின் அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு தோழி தன் குவளையை மெல்லத் தன் பக்கம் நகர்த்தினார். அவரை நான் குறைகூற மாட்டேன். என் வீட்டில் நானே அதைச் செய்தவள். ஆனால் மணியடித்து எல்லாரும் வகுப்புக்குப் போனபின் கணித ஆசிரியை மட்டும் பின்தங்கினார். தம் கணவருக்கு நான்கு மாதமாக இருமல் என்றும், அழைத்தால் வர மறுக்கிறார் என்றும், எந்தக் கட்டடம், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்றும் கேட்டார். நான் வழி சொன்னேன். வேப்பமரத்தடியில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று மகள் சேர்த்துக்கொண்டாள்.

நான்கரை வயதுக் குழந்தையை அவ்வளவு நாள் அங்கே அழைத்துச் சென்றது முழுவதும் சரிதானா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. மருத்துவர் அழைத்தது ஓரிரு நாள்களுக்குத்தான். பிறகும் அவள் வருவேன் என்று அடம்பிடித்தாள். நானும் தனியே போக மனமின்றி இசைந்தேன். கண்ணில் படக்கூடாதவை சில அவள் கண்ணில் பட்டன. இரத்தம் கக்கிய இளைஞர் ஒருவரை அவள் பார்த்துவிட்டாள். அதன்பின் சில இரவுகள் எழுந்து என் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்தாள்.

வேப்பமரத்தடியில் ஒரு முதியவர் இருந்தார். நெசவுத் தொழிலாளி. அவருடைய பெட்டி நீல நிறம். முன்பே ஒருமுறை சிகிச்சை தொடங்கி, உடம்பு தேறிவிட்டதென்று பாதியில் விட்டு, நோய் திரும்பி வந்தவர்களுக்கு அந்தப் பெட்டி. அவர்களுக்கு மாத்திரையோடு ஊசியும் உண்டு. தென்னங்கீற்றில் காற்றாடி செய்து என் மகளுக்குத் தருவார். துணியால் மூடிய வாயோடு அவர் சிரிப்பதைக் கண்களில்தான் பார்க்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் ஒரு திங்களன்று அவர் வரவில்லை. புதனன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை செவிலியர் அந்த நீலப் பெட்டியை அடுக்கிலிருந்து எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். நானும் பார்த்தேன், மகளும் பார்த்தாள்.

“தாத்தா எங்கம்மா?”

“ஊருக்குப் போயிட்டாராம்” என்றேன்.

மாசியில் என் சிகிச்சை முடிந்தது. சில நாள்களில் அவளுடையதும் முடிந்தது. கடைசி நாளில் காலிப் பெட்டியைத் தனக்குத் தரும்படி கேட்டாள். செவிலியர் தந்துவிட்டார். வண்ணக் கோல்களைப் போட்டு வைக்கப் பல ஆண்டுகள் அது பயன்பட்டது.

இப்போது அவள் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது பரணை ஒழித்தோம். துணிகளுக்கு அடியில் அந்தச் சிவப்புப் பெட்டி நசுங்கிக் கிடந்தது. அந்த நாள்களில் என்னென்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். முன்கையில் இட்ட வட்டம் அவளுக்கு நினைவில்லை. செவிலியர் முகம் நினைவில்லை. இரத்தம் கக்கிய இளைஞரும் நினைவில்லை. அதற்காக நான் மகிழ்ந்தேன். ஏழுவரை எண்ணியது நினைவிருக்கிறது என்றாள். வேப்பம்பழம் மிதித்து வழுக்கி விழுந்தது நினைவிருக்கிறது என்றாள். பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

“அம்மா, காத்தாடித் தாத்தா ஊருக்குப் போகலதானே?” என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றேன்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றாள்.